புவிநடுக்கப் பதிகருவியின் மைப்பேனை: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவன் தன் ஆய்வுக்கு மூலங்களைத் தேடும்போது கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, அரசாங்கக் கோவை என்ற வரிசையிலே தேடுவது வழக்கம். இவ்வரிசையில் இடம்பெறாத மூலமொன்று உண்டு. சுழலும் உருளையொன்றிற் சுற்றப்பட்ட தாளின்மேல், இரவும் பகலும் இடைவிடாது, நிலமே எழுதிவைத்த கோடுதான் அது. சீஸ்மோகிராப் என வழங்கும் புவிநடுக்கப் பதிகருவியின் தாள் அத்தகைய மூலமாகும். அக்கோட்டை வரைந்த பேனையை அடைபடாமலும் வற்றாமலும் காத்தவர்களின் பணி எத்தகையது, அறிவின் வரலாற்றில் அதற்குரிய இடம் யாது, அப்பணி வழக்கொழிந்தபோது அதனோடு சேர்ந்து எது கைநழுவியது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை நிலநடுக்கம் அறியாத நாடு என்பது பரவலான நம்பிக்கை. பழமையான கடும்பாறைகளின்மீது அமைந்த தீவு, பெருந்தட்டுக்களின் எல்லைக்கோடுகளுக்குத் தொலைவிலுள்ள தீவு என்ற காரணங்களால் இந்நம்பிக்கைக்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் 1615ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் திகதி கொழும்பை உலுக்கிய நடுக்கம் ஒன்றைப் பற்றிப் போர்த்துக்கேயக் குறிப்பொன்று பேசுகின்றது. வீடுகள் இடிந்ததையும் உயிர்ச்சேதம் நேர்ந்ததையும் அது கூறுகின்றது. அந்நடுக்கத்தின் மையம் எங்கே, அளவு என்ன என்று இன்று உறுதியாக வரையறுக்க இயலாது. கண்டவர் அச்சத்தோடு எழுதிய சொற்கள் நமக்குக் கிடைத்துள்ளன. நிலம் எழுதிய கோடு கிடைக்கவில்லை. கருவி பிறப்பதற்கு முந்திய காலத்தின் வரையறை இதுவாகும்.

பழமையைப் பேணும் வழி எழுத்து ஒன்றே அன்று என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பதினேழாம் நூற்றாண்டிலே கண்டி மன்னரின் ஆணைக்குட்பட்டு அங்குக் குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் தாம் என அவ்வூர்க் கத்தோலிக்கர் கூறுவர். 1687இல் இலங்கைக்கு வந்த யோசே வாஸ் அடிகளார் 1692இலேதான் கண்டியை அடைந்தார். அதற்கு முந்திய நெடுங்காலம் குருமார் இல்லாத நிலையிலும் தம் முன்னோர் வழிபாட்டைக் கைவிடவில்லை என்பது அவர்தம் மரபுரை. புனித அந்தோனியார் ஆலயமும் யூன் மாதத் திருவிழாவும் அம்மரபின் அடையாளங்களாக நிலவுகின்றன. ஓர் ஊர் தன் நினைவை எவ்வாறு காக்கின்றது என்று வினவினால், ஆண்டுதோறும் தவறாமற் செய்யும் கடமையாலே காக்கின்றது என்பதே விடை. கருவியின் பதிவும் இதற்கு விலக்கன்று. அங்கே ஆண்டுக்கொருமுறை செய்யப்படுவது இங்கே நாளுக்கொருமுறை செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

புவிநடுக்கத்தைக் கருவியாற் பதியும் கலை தற்கால வடிவம் பெற்றது யப்பானிலாகும். 1880ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி யோக்ககாமாவில் நிகழ்ந்த நடுக்கத்தை அடுத்து, அங்குப் பணியாற்றிய ஜோன் மில்ன், ஜேம்ஸ் யூவிங், தோமஸ் கிரே ஆகிய மூவரும் ஊசலை அடிப்படையாகக் கொண்ட கருவிகளை அமைப்பதில் ஈடுபட்டனர். நிலம் அசையும்போது, தொங்கும் பாரமான பொருள் தன் நிலையிலேயே நிற்க முயலும். நிலத்துக்கும் அப்பொருளுக்கும் இடையிலான ஒப்பு அசைவைத் தாளிற் பதித்தால் நடுக்கத்தின் வடிவம் கிடைக்கும். தத்துவம் எளியது. ஆனால் அவ்வசைவைத் தாளில் எழுதுவது எங்ஙனம் என்ற வினாவே பல பத்தாண்டுகளுக்கு அறிஞரை அலைக்கழித்தது. எழுதுகோல் தாளைத் தொட்டால் உராய்வு உண்டாகும். உராய்வு உண்டானால் நுண்ணிய அசைவுகள் எழுதப்படாமலே மறையும். தொடாவிட்டால் எழுத்தே இல்லை.

இவ்விக்கட்டுக்கு மூன்று வழிகள் காணப்பட்டன. முதலாவது புகைத்தாள். மெருகிட்ட தாளை மண்ணெண்ணெய்ச் சுடரின்மேற் காட்டிக் கரி படியச்செய்து, அக்கரியை மெல்லிய ஊசி கீறுமாறு அமைத்தனர். வெண்கோடாகத் தோன்றும் அப்பதிவு, விரல் பட்டாலும் அழிந்துவிடும். ஆகவே உருளையிலிருந்து எடுத்ததும் அரக்கு வார்னிசிலே தோய்த்து உலர்த்த வேண்டும். ஊசியின் சிறு உராய்வை வெல்வதற்கே பாரிய திணிவுகள் தேவைப்பட்டன. ஜேர்மனியின் கெட்டிங்கனில் எமில் வீகேட் 1904இல் அமைத்த கருவியொன்றின் திணிவு 17 தொன் எடையுடையது. ஓர் ஊசிமுனையின் உராய்வுக்கு ஈடுகொடுக்க 17 தொன் தேவைப்பட்டது என்பது வியப்புக்குரியது.

இரண்டாவது வழி ஒளி. ஊசலோடிணைந்த ஒளிக்கதிர் படத்தாளிலே விழுமாறு செய்தால் உராய்வு முற்றாக நீங்கும். 1895இல் இங்கிலாந்துக்குத் திரும்பி வைட் தீவிற் குடியேறிய மில்ன், இம்முறையிலமைந்த தம் கருவிகளைப் பேரரசின் பல பாகங்களுக்கும் பரப்பினார். தென்னாசியாவுக்கு இக்கலை வந்த வழியும் இதுவே. கல்கத்தாவின் அலிப்பூரில் 1898இலும், பம்பாயிலும் கோடைக்கானலிலும் அதனையடுத்தும் நடுக்கப் பதிவு தொடங்கியது. தமிழகத்து மலைமுகட்டிலே சூரிய ஆய்வுக்கென எழுந்த கோடைக்கானல் அவதான நிலையம் இவ்வாறு நிலத்தின் அசைவையும் நோக்கும் நிலையமாயிற்று. கொழும்பு அவதான நிலையத்திலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் மில்ன் வகைக் கருவி இயங்கியது. தென்னிந்தியாவும் அசையா நிலமன்று என்பதை, 1900ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த நடுக்கம் உணர்த்திற்று.

ஒளிமுறைக்கு ஒரு குறை இருந்தது. படத்தாள் இருட்டறையிற் கழுவப்படும்வரை அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை எவரும் அறியார். நள்ளிரவில் நிகழ்ந்த பெருநடுக்கம் மறுநாட் காலையிலேயே தெரியவரும். நிகழும்போதே கண்ணாற் காணும் பதிவு வேண்டுமெனில் மை வேண்டும். மூன்றாவது வழியின் சிறப்பு இதுவே.

மைப்பேனையின் முன்னோரைத் தேடுவோமாயின் அது நடுக்க ஆய்வுக்கு வெளியே, கடலடித் தந்தியில் கிடைக்கின்றது. பின்னர் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தொம்சன் 1867இல் உரிமம் பெற்ற சைபன் பதிகருவியில், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய் மைக்கிண்ணத்திலிருந்து மையை இழுத்து நகரும் தாளிலே கோடிட்டது. ஆழ்கடலைக் கடந்துவரும் மின்குறி மிக நலிந்தது. தாளின் உராய்வைத் தாங்காது. ஆதலால் அவர் மைக்கு மின்னேற்றி, குழாய் தாளைத் தொடாமலே மை துளிதுளியாகத் தெறிக்குமாறு அமைத்தார். நலிந்த குறியை எழுத்தாக்கும் சிக்கல் தந்தியாளனுக்கும் நடுக்க ஆய்வாளனுக்கும் பொதுவானது என்பது இதனாற் புலனாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மின்னணுப் பெருக்கிகள் வந்தபின்னரே இச்சிக்கல் பெரிதும் தீர்ந்தது. நிலத்தின் அசைவு முதலில் மின்னோட்டமாகி, பெருக்கப்பட்டு, பேனையை அசைக்கும் சுருளுக்குச் செலுத்தப்பட்டது. உராய்வை வெல்வதற்கு 17 தொன் தேவையில்லை, மின்வலுவே போதும். அதன் பின்னர் மைப்பேனையும் உருளையும் உலகின் பல அவதான நிலையங்களிலே காணும் பொருள்களாயின.

அவ்வுருளையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் பொருந்தும். உருளை கால் மணிக்கு ஒரு சுற்று வீதம் சுழலும்; சுழலும்போதே பக்கவாட்டில் மெல்ல நகரும். ஆகவே பேனை வரையும் கோடு திருகுசுருளாகத் தாளைச் சுற்றிவரும். இருபத்துநான்கு மணிநேரத்தில் 96 சுற்றுக்கள் முடியும். தாளைப் பிரித்து விரித்தால், எழுதிய பக்கத்தின் வரிகள்போல 96 கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும். நிமிடந்தோறும் கடிகாரம் பேனையைச் சிறிதே தட்டிக் காலக்குறி இடும். அமைதியான நாளில் கோடுகள் நேராகச் செல்லும். தொலைவில் எங்கேனும் நிலம் பிளந்தால் அவ்வரிகளில் ஒன்று பொங்கி எழுந்து அயல் வரிகளையும் மூடும்.

இப்பதிவு தானாக நிகழ்வது என எண்ணுவது தவறு. அதன் உயிர்நிலை பேனை. பேனையின் உயிர்நிலை பராமரிப்பு. எழுதுமுனை பெரும்பாலும் நுண்ணிய உருக்குக் குழாய். அதன் மறுநுனி சிறு மைக்கிண்ணத்தில் அமிழ்ந்திருக்கும். புதிதாக மை நிரப்பியதும் மை தானே முனைக்கு வராது. இறப்பர்க் குமிழாலோ ஊசிக்குழலாலோ ஒருமுறை உறிஞ்சி இழுத்துவிட வேண்டும். அதன் பின்னரே சைபன் முறையில் மை தொடர்ந்து பாயும். குழாயினுள் ஒரு காற்றுக்குமிழ் சிக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும். கிண்ணத்து மைமட்டம் முனையைவிட மிகவும் உயர்ந்தால் மை பெருகித் தாளிற் குளமாகும். மிகவும் தாழ்ந்தால் கோடு மங்கி அறும். சாதாரண எழுது மை விரைவில் உலர்ந்து குழாயை அடைக்கும் என்பதால், கிளிசரின் போன்ற உலராப்பொருள் சேர்ந்த மையே ஏற்றது. ஆனால் அது அளவுக்கு மிஞ்சினாற் கோடு தாளிலே காயாது. அடுத்து தொடும் விரல் பதிவையே இழுத்துவிடும். அடைபட்ட குழாயை வெந்நீரில் ஊறவைத்து, மயிர் போன்ற கம்பியைச் செலுத்தித் துப்புரவாக்குவர். கம்பி உள்ளே முறிந்தாற் பேனையே பயனற்றதாகும்.

முனையின் அழுத்தமும் கவனத்துக்குரியது. அழுத்தம் கூடினாற் சிறு அசைவுகள் மறையும். குறைந்தால் விரைந்த அசைவின்போது பேனை தாளைவிட்டுத் துள்ளி, மிக முக்கியமான இடத்திலேயே வெற்றிடம் விழும். தாளின் இழை முனையிற் சிக்கினால் ஒற்றைக் கோடு இரட்டையாகும். ஈரக்காற்று மிகுந்த மலைநாட்டில் தாள் ஊறித் தளரும். மை கசிந்து கோடு தடிக்கும். கோடையில் முனையிலேயே மை காயும். தாளை உருளையில் ஒட்டும்போது விளிம்பு எத்திசையில் மேலமைகின்றது என்பதும் பார்க்கப்படும். பேனை மேல்விளிம்பிலிருந்து கீழிறங்க வேண்டுமேயன்றி, விளிம்பில் முட்டக் கூடாது. முட்டினாற் கால் மணிக்கொருமுறை பொய்யான நடுக்கமொன்று பதிவாகும். நாள்தோறும் குறித்த நேரத்தில் தாள் மாற்றும் பணியாளன் நிலையத்தின் பெயர், திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கடிகாரத்தின் பிழை, பெருக்கம் ஆகியவற்றைத் தாளின் ஓரத்தில் எழுதுவான். ஒரு செக்கன் பிழையும் நடுக்க மையத்தைப் பல கிலோமீற்றர் தூரம் இடம்மாற்றிக் காட்டும் என்பதால், வானொலி நேரக்குறியோடு கடிகாரத்தை ஒப்பிடுதல் அவன் அன்றாடக் கடமையாயிற்று.

வரலாற்று மாணவருக்கு இவ்விவரங்கள் எதற்கு என வினவலாம். சுவடியைப் பயன்படுத்துமுன் ஏடெழுதியவனின் வழக்கங்களையும் பிழைகளையும் ஆராய்வது நமது துறையின் முதற்பாடம். எழுத்துப்பிழை எது, செல்லரித்த இடம் எது, பிற்காலத்தவர் சேர்த்தது எது எனப் பிரித்தறியாதவன் சுவடியை வாசித்தவனாகான். நடுக்கப் பதிவுக்கும் இது பொருந்தும். கோட்டில் விழுந்த வெற்றிடம் நிலத்தின் அமைதியா, மை வற்றியதா? பொங்கிய கோடு நடுக்கமா, முனையிற் சிக்கிய இழையா? இவற்றுக்கு விடை தருவன ஓரத்துக் குறிப்புக்களே. அவற்றை எழுதியவரிற் பெரும்பாலோரின் பெயர் எந்நூலிலும் இல்லை. ஆயினும் அவர்தம் கவனத்தின் மீதே பிற்கால முடிபுகள் நிற்கின்றன.

கவனமாகப் பேணப்பட்ட பதிவு தன் வாசகனுக்காக எத்துணைக் காலமும் காத்திருக்கும் என்பதற்கு வங்காள விரிகுடாவே சான்று. 1881ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி கார் நிக்கோபார்த் தீவருகே பெருநடுக்கம் நிகழ்ந்தது. அதனால் எழுந்த சுனாமி சிறியது. ஆயினும் விரிகுடாவைச் சுற்றிய துறைமுகங்களிலே கடல்மட்டத்தை உருளைத் தாளிற் பதிந்துகொண்டிருந்த வற்றுப்பெருக்குக் கருவிகள் அதை எழுதிவைத்தன. சென்னையும் நாகபட்டினமும் அவற்றுட் சில. அக்கோடுகளை வைத்தே, 122 ஆண்டுகளின் பின் 2003இல், ஓட்டிஸ், பில்ஹம் என்னும் ஆய்வாளர் இருவர் அந்நடுக்கத்தின் பரப்பையும் அளவையும் கணித்து வெளியிட்டனர். துறைமுக மேடையொன்றிலே நாள்தவறாது தாள் மாற்றிய பெயரறியாப் பணியாளர், அப்பகுதிக் கடலடி சுனாமியை எழுப்பவல்லது என்பதைப் பின்வந்தோர்க்கு நிறுவிக்காட்டினர். அவ்வாய்வு வெளியான அடுத்த ஆண்டிலேயே பேரிடர் நேர்ந்தது.

இதற்கிடையே பதிவுமுறை மாறிவிட்டது. 1960களில் அமெரிக்கா உலகெங்கும் ஒரேவகைக் கருவிகளைக் கொண்ட ஏறத்தாழ 120 நிலையங்களை நிறுவியது. கோடைக்கானல் அவற்றுள் ஒன்று. அவை படத்தாளையே பயன்படுத்தின. பின்னர் எண்முறைப் பதிவு வந்தது. தாளும் உருளையும் மையும் படிப்படியாக நீங்கின. இம்மாற்றத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. எண்முறைக் கருவி மிகச் சிறிய அசைவையும் மிகப் பெரிய அசைவையும் ஒருங்கே பதியவல்லது. பதிந்ததை உலகின் மறுகோடிக்கு நொடியில் அனுப்பவல்லது. 2000ஆம் ஆண்டில் கண்டியை அடுத்த பல்லேகலையில் சர்வதேச ஒத்துழைப்புடன் அமைந்த நிலையம் இவ்வகையினதே. ஆயினும் மைப்பேனை நீங்கியபோது, பேனைக்காக நாள்தோறும் கருவியின் முன் வந்துநின்ற மனிதனும் நீங்கினான். அவன் அங்கு வந்தது மை நிரப்பவே. ஆனால் மை நிரப்ப வந்தவனின் கண் கோட்டின்மேற் படாதிருக்க இயலாது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. அன்று பௌர்ணமி விடுமுறையும் ஆகும். அக்கால இலங்கை நேரப்படி காலை 6 மணி 59 நிமிடமளவில் சுமாத்திராவின் மேற்குக் கரையருகே கடலடி பிளந்தது. நான்கு நிமிடத்துக்குள் முதல் அதிர்வு பல்லேகலையை அடைந்தது. கருவி அதைச் செவ்வனே பதிந்தது. அலை கிழக்குக் கரையைத் தொடுவதற்கு ஒன்றரை மணிநேரத்துக்கும் மேலாக அவகாசம் இருந்தது. கொழும்பிலிருந்து தெற்கே சென்ற சமுத்திரதேவி புகையிரதத்தைப் பெரலியவில் அலை அடித்துச் சென்றது ஏறக்குறைய 9.30 மணிக்காகும், அங்கு மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடெங்கும் மாண்டோரும் காணாமற்போனோரும் 35,000 பேருக்கு மேலாவர். பல்லேகலையின் பதிவை அந்நேரத்தில் வாசித்து மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு எதுவும் நாட்டில் இருக்கவில்லை. நிலம் எழுதியது, வாசிப்பார் இலர்.

மைப்பேனை இருந்திருந்தால் இவ்வழிவு தடுக்கப்பட்டிருக்கும் எனக் கூறுதல் நேர்மையாகாது. உருளையின் முன் நின்ற ஒருவன் பெருநடுக்கம் நிகழ்ந்ததை அறிந்திருப்பான். அது சுனாமியை எழுப்புமா என்பதைத் தனித்த ஒரு நிலையத்தின் கோட்டிலிருந்து தீர்மானித்திருக்க மாட்டான். ஹவாயிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தினர் கருவிகளின் முன் விழித்தே இருந்தனர். நடுக்கம் நிகழ்ந்து கால் மணிநேரத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டனர். ஆனால் அதில் நடுக்கத்தின் அளவு 8.0 எனக் குறைவாகவே மதிக்கப்பட்டது. இந்துசமுத்திர நாடுகளில் எச்சரிக்கையைப் பெற்று மக்களிடம் சேர்க்கும் அமைப்பும் அன்று இல்லை. எனவே கருவி, அதனை ஓம்பும் கை, வாசிக்கும் கண், கேட்டு எழும் ஊர் என்னும் நான்கும் ஒரே சங்கிலியின் கரணைகள் எனக் கொள்ளல் வேண்டும். மைப்பேனைக் காலத்தில் முதல் மூன்றையும் ஒரே மனிதனின் அன்றாடக் கடமை பிணைத்திருந்தது. அப்பிணைப்பு தளர்ந்தபோது, அதன் இடத்தில் வேறொன்று வேண்டும் என எவரும் எண்ணவில்லை.

பின்னர் அப்பாடம் ஓரளவு கற்கப்பட்டது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2010இல் ஜேர்மனிய உதவியோடு ஹக்மனையிலும் மஹகனதராவையிலும் புதிய நிலையங்கள் எழுந்தன. 2012 ஏப்ரில் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான நடுக்கம் நிகழ்ந்தபோது இலங்கைக் கரையோர மக்கள் எச்சரிக்கப்பட்டு உள்நோக்கி நகர்ந்தனர். பேரலை எழவில்லை, ஆயினும் சங்கிலி இயங்கியது. 2020 ஓகஸ்ட் மாத இறுதியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய கண்டிப் பகுதிகளிற் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டபோது, அவற்றை ஆராய்வதற்கு இந்நிலையங்களே உதவின. தெற்கே பல்லேகலைக்கும் வடக்கே மஹகனதராவைக்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் வஹகோட்டையும் அமைந்துள்ளது. கடலைக் காணாத அவ்வூரின் அடிநிலமும், அங்குள்ளோர் உணராத அசைவுகள் உட்பட, இன்று இருபுறத்தும் செவிமடுக்கப்படுகின்றது.

எஞ்சியிருப்பது பழைய தாள்களின் நிலை. மையாலும் கரியாலும் ஒளியாலும் எழுதப்பட்ட ஒரு நூற்றாண்டுக் காலப் பதிவுகள் உலகின் பல அவதான நிலையங்களிலே மங்கியும் மடிந்தும் பூஞ்சணம் பிடித்தும் கிடக்கின்றன. பெருநடுக்கங்கள் மீண்டும் நிகழும் இடைவெளி மனித ஆயுளிலும் நீண்டது. ஆகவே அவற்றை அறிய முதியவரின் நினைவு போதாது. போர்க்காலத்தில், 1941 யூன் 26ஆம் திகதி, அந்தமானில் நிகழ்ந்த பெருநடுக்கம் போன்றவற்றை ஆராய்வோர் இன்றும் அக்காலத் தாள்களையே நாடவேண்டியுள்ளது. ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்த மரபு நம்முடையது. அம்மரபின் கண்கொண்டு நோக்கினால், அவதான நிலையத்துத் தாளும் ஒரு சுவடியே. அதன் ஓரத்திற் கடிகாரப் பிழையைக் குறித்துவைத்தவனும் ஓர் ஏடெழுதியே. அத்தாள்களை எண்முறையிற் படியெடுப்பதோடு, மை நிரப்பும் முறை, தாள் ஒட்டும் முறை, குறியீடுகளின் பொருள் ஆகியவற்றை அறிந்த முதிய பணியாளரின் வாய்மொழியையும் அவர்கள் வாழும்போதே பதிவுசெய்தல் வேண்டும். படத்தை வைத்துக்கொண்டு அதை வாசிக்கும் அறிவை இழந்தால், 1615ஆம் ஆண்டின் கொழும்பைப் பற்றி நாம் நிற்கும் நிலையிலேயே நமக்குப் பின் வருவோரும் நிற்பர். இப்பணி பௌதிகத் துறையினரால் மட்டும் ஆகக்கூடியதன்று. மூலங்களை வாசிக்கப் பயின்ற கலைப்பீட மாணவரும் இதற் பங்கு கொள்ளல் வேண்டும்.